வீக்கமே இல்லாத காதுக்கு ஸ்டீராய்டு எதற்கு?

திடீரென்று ஒரு காது கேட்காமல் போனவர்கள், நான் ஆடியாலஜிஸ்டாக, அதாவது கேட்கும் திறனைச் சோதிப்பவளாக, வேலை பார்க்கும் தண்டையார்பேட்டை கிளினிக்குக்குத் தாமதமாகத்தான் வருகிறார்கள். தூங்கி எழுந்தபோது காது அடைத்த மாதிரி இருந்திருக்கும். அழுக்கு, இல்லாவிட்டால் சளி என்று நினைத்து எண்ணெய் காய்ச்சி விட்டிருப்பார்கள். மருந்துக்கடையில் சொட்டு மருந்தும் கிடைத்திருக்கும். டியூனிங் ஃபோர்க் என்ற அதிரும் இசைக்கவையைத் தட்டி நடுநெற்றியில் வைத்தால், நல்ல காதில்தான் சத்தம் கேட்கிறது என்பார்கள். எனக்கு வயிறு கலங்கும். ஏனென்றால், வெறும் அடைப்பாக இருந்தால் அடைத்த காதில்தான் பலமாகக் கேட்க வேண்டும்.

அப்படி அடைப்பு இல்லாமல், 3 நாட்களுக்குள், சோதிக்கும் ஒலிகளில் அடுத்தடுத்த 3 அலைவரிசைகளில் கேட்கும் திறன் 30 டெசிபலாவது குறைந்திருந்தால் அது உட்காதின் கோளாறு. இ.என்.டி. டாக்டர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதுவார். முதல் 2 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

காசிமேட்டு விசைப்படகு டிரைவர் ஒருவர் கேட்டார்: "ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லன்றாங்க. அப்புறம் வீக்கத்துக்கு இன்னாத்துக்கு மேடம் மாத்திர?"

சரியான கேள்வி. வீக்கம் குறையும் என்பது எங்கள் எல்லோர் வாயிலும் தயாராக இருக்கும் பதில். ஆனால் உட்காதில் நத்தைக்கூடு மாதிரி இருக்கும் காக்லியாவிலேயே ஸ்டீராய்டு ஹார்மோன்கள் வந்து ஒட்டும் ஏற்பிகள் இருக்கின்றன, அதுவும் இரண்டு வகை. ஒன்று, கார்டிசோல் ஹார்மோன் பற்றிக்கொள்ளும் குளுகோகார்டிகாய்டு ஏற்பி. வீக்கத்தை உண்டாக்கும் அழற்சியை அடக்குவது இதன் வழியாகத்தான். இன்னொன்று, சிறுநீரகத்தில் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் வேலை செய்யும் அதே மினரலோகார்டிகாய்டு ஏற்பி. உப்புக் கணக்கு பார்ப்பது இது. காக்லியாவின் பக்கச் சுவரில் உள்ள ஸ்ட்ரையா வாஸ்குலாரிஸ் என்ற திசு, உட்காது திரவத்துக்குள் பொட்டாசியத்தை ஏற்றி, சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைக் காப்பாற்றுகிறது. அது இறங்கினால், ஒலியை உணரும் மயிர்செல்கள் நன்றாக இருந்தும் பயனில்லை, பேட்டரி தீர்ந்த ரேடியோதான். பிரெட்னிசோலோன் இரண்டு ஏற்பிகளிலும் ஒட்டும். உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோயால் செவி மங்கிய சுண்டெலிகளுக்கு, அழற்சியை அடக்காத ஆல்டோஸ்டிரோனைக் கொடுத்தபோதும் கேட்கும் திறன் மேம்பட்டது. அதைப் படித்த பிறகு 'வீக்கம்' என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

"காதுக்குள்ள உப்புத்தண்ணி கணக்கு ஒண்ணு இருக்குண்ணா, அதையும் சரி பண்ணும்" என்றேன். கடலில் போகிறவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மருந்தைத் தூக்கிவைத்துப் பேசவும் மாட்டேன். சிலருக்கு மருந்தில்லாமலே கேட்க ஆரம்பித்துவிடும். சிலருக்கு எல்லாம் கொடுத்தும் வராது. டோஸை ஏகத்துக்கு ஏற்றிப் பார்த்த ஜெர்மன் ஆய்வில், வழக்கமான அளவைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

டிரைவருக்குச் சர்க்கரை இருந்தது. மாத்திரை அதை ஏற்றிவிடும் என்பதால் செவிப்பறை வழியாக ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார்கள். 2011இல் வெளியான 250 பேர் ஆய்வில், மாத்திரைக்கு இது சளைத்ததல்ல என்று தெரிந்தது. அவருக்குத் தாழ்ந்த ஒலிகள் திரும்பின. 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர்ந்த ஒலிகள் திரும்பவில்லை. அதில் படகின் டீசல் இன்ஜின் சத்தம் தின்றது எவ்வளவு என்று பிரிக்க ஒரு பழைய ஆடியோகிராம், அதாவது முன்பு எடுத்த செவித்திறன் வரைபடம், வேண்டும். படகுக்காரர் யாரும் அப்படி ஒன்றை இதுவரை என்னிடம் கொண்டுவந்ததில்லை.