சுரங்க மண்ணில் அறுத்த கல்

கட்டடப் பொருள் ஆய்வுகூடத்துக்கு வருகிறவர்கள் அநேகமாக ஓர் இலக்கத்தை வாங்கத்தான் வருகிறார்கள்: கல் எத்தனை மெகாபஸ்கால் தாங்கும்? கொழும்பில் நான் பணிபுரியும் கூடத்திலும் அமுக்கும் இயந்திரத்தின் முன்னால்தான் மாதிரிகள் குவியும். இரசாயனப் பகுதியில், அதாவது என் மேசையில், யாருக்கும் அவசரமில்லை.

அவிசாவளைப் பக்கத்துச் சீமெந்துக் கல் உற்பத்தியாளர் ஒருவர், மாணிக்கக் குழிகளில் கழுவி ஒதுக்கிய மண்ணை மணலுக்குப் பதிலாகச் சேர்த்துக் கல் அறுத்திருந்தார். ஆற்று மணல் ஒரு கியூப் விற்கும் விலைக்கு அவரைக் குறை சொல்ல முடியாது. கற்களும் நன்றாகவே தாங்கின. "பிறகென்ன சேர், வீடு கட்டலாம் என்ற கடிதத்தைத் தாருங்கள்" என்றார். கதிர்வீச்சையும் அளக்க வேண்டும் என்றதும் சிரித்தார். "இது மாணிக்க மண் சேர், அணுகுண்டு மண்ணா?"

சிரிக்க வேண்டிய விடயமில்லை. 1877இல் இதே கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்று அறிஞராகவே நமக்குத் தெரியும். அதற்கு முன் அவர் இலங்கையின் கனிம ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கியவர். கதிர்வீச்சுள்ள தோரியம் நிறைந்த தோரியனைற்று என்ற கனிமம் 1904இல் உலகுக்கு அறிமுகமானது சபரகமுவ மாணிக்கச் சரளையிலிருந்துதான். அதை முதலில் விவரித்தவர்களில் அவரும் ஒருவர். இப்படிப் பாரமான கனிமங்கள் கழுவும்போது அடியில் சேரும். ஆகவே ஒரே குழியின் மண்ணும் சாக்குக்குச் சாக்கு வேறுபடும். ஐரோப்பிய வழிகாட்டுதல் ஒன்றின்படி, ஒரு கிலோவிலுள்ள ரேடியத்தின் கதிரியக்கத்தைப் பெக்கரல் என்ற அலகில் அளந்து அதை 300ஆலும் தோரியத்தை 200ஆலும் பொட்டாசியத்தை 3000ஆலும் வகுத்துக் கூட்டினால் 1ஐத் தாண்டக்கூடாது. உற்பத்தியாளருடைய முதல் சாக்கு தாண்டவில்லை. அடுத்தது தாண்டியது. எந்தச் சாக்குக்கு நான் கடிதம் கொடுப்பது?

அமெரிக்காவின் கிராண்ட் ஜங்ஷன் நகரில் யுரேனிய ஆலைக் கழிவு மணலை 1966 வரை இலவசமாக அள்ளிக்கொண்டு போனார்கள். நல்ல சுத்தமான மணல். வீட்டு அடித்தளத்தைச் சுற்றி நிரப்ப அதைவிட வசதியான பொருள் கிடையாது. பிறகு ரேடான் என்ற கதிரியக்க வாயு வீடுகளுக்குள் ஏறியபோது ஆயிரக்கணக்கான இடங்களில் அந்த மணலைத் தோண்டியெடுக்க அரசு செலவழிக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் கோர்ன்வாலில் கதிர்வீச்சல்ல, கந்தகம் கெடுத்தது. சுரங்கக் கழிவைக் கலந்து அறுத்த கல்லிலிருந்த இரும்புக் கந்தகக் கனிமம் ஈரமும் காற்றும் பட்டு அமிலமாகி, கொங்கிரீட்டை உள்ளிருந்தே உப்பவைத்தது. கட்டிப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்த வீடுகளுக்கு வங்கிகள் கடன் தர மறுத்தன. தொடக்கத்தில் பலத்தை மட்டும் பார்த்திருந்தால் இரண்டு இடங்களும் தேறியிருக்கும்.

இதனால் சுரங்கக் கழிவைத் தொடவே கூடாது என்ற கட்சிக்காரன் அல்லன் நான். நல்ல வயல் மண்ணைத் தோண்டிச் செங்கல் சுடுவதைவிடக் குவிந்து கிடப்பதைப் பயன்படுத்துவது மேல். தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக உழைத்த, கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் 2001இல் மூடிய பிறகும் சயனைட்டில் அலசிய மண் மேடுகள் அங்கே நிற்கின்றன. காற்றடித்தால் தூள் வீடுகளுக்குள் வருகிறது. பிரேசிலின் புருமாஜின்யோவில் 2019இல் கழிவு அணை உடைந்து 270 பேர் மாண்டார்கள். சும்மா விட்டுவைப்பதும் பாதுகாப்பல்ல.

சண்டை எனக்கு வேறோர் எண்ணத்தோடு: சீமெந்தில் கலந்தால், சூளையில் சுட்டால், நஞ்சு பூட்டப்பட்டுவிடும் என்பது. ஈயம் அமிலத்திலும் கரையும், மிகுந்த காரத்திலும் கரையும். புதுச் சீமெந்தின் காரத்தன்மை pH அளவில் 12ஐத் தாண்டும். ஆண்டுகள் போகக் காற்றிலுள்ள கரியமில வாயு அதை 9 அளவுக்கு இறக்கிவிடும். ஆகவே பூட்டு ஒரே நிலையில் இருப்பதில்லை. நாகம் (துத்தநாகம்) அதிகமிருந்தால் சீமெந்து இறுகவே தாமதிக்கும். குரோமியம் கலந்த களிமண்ணைச் சுட்டால் அது நீரில் எளிதில் கரையும், கூடுதல் நஞ்சான வடிவத்துக்கு மாறக்கூடும். ஆசனிக்கில் ஒரு பகுதி புகையோடு போய்விடும். எங்கே போயிற்று என்று சூளைக்காரர் பார்ப்பதில்லை.

நஞ்சு கசிகிறதா என்று கல்லை முழுதாக நீரில் ஊறவைத்துச் சோதிக்கலாம், 9.5 மில்லிமீற்றருக்குக் கீழே உடைத்து, எடையைப்போல் 20 மடங்கு ஐதான அசற்றிக் அமிலக் கரைசலில் 18 மணி நேரம் சுழற்றியும் சோதிக்கலாம். முதல் முறையின் பெறுபேறு விற்பவருக்கு இனிக்கும். நான் உடைத்த மாதிரியையே கேட்கிறேன். கொழும்பில் எந்தச் சுவரும் சுவராகவே சாவதில்லை. இடித்த கல் லொறியேறிப் பள்ளக்காணி நிரப்பப் போகிறது; அதன்மேல் மழை வெள்ளம் நிற்கிறது; பக்கத்துக் காணியில் கிணறு இருக்கிறது.

அந்த உற்பத்தியாளருக்கு வீட்டுச் சுவருக்கான கடிதம் கொடுக்கவில்லை. தார் வீதியின் அடித்தளத்துக்கு, ஒவ்வொரு தொகுதியையும் அளந்து, எங்கே போட்டது என்ற பதிவோடு பயன்படுத்தலாம் என்று எழுதினேன். வீதி ஒப்பந்தம் தன்னிடம் இல்லை என்று கோபித்துக்கொண்டார். அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது.

இப்போது எங்கள் படிவத்தில் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். பலர் அதில் 'மணல்' என்று மட்டும் எழுதுகிறார்கள். தொலைபேசியில் அழைத்துக் கேட்டால் சிலர் லொறிக்காரரின் இலக்கத்தைத் தருகிறார்கள். சிலர் மாதிரியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு ஆய்வுகூடம் பார்க்கிறார்கள்.