பாசியெடுக்கும் பெண்களின் கடல்

பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்தில் பெண்களும் கடலுக்குப் போகிறார்கள். விரல்கள் கிழியாமலிருக்கத் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, பாறை குத்தாமலிருக்க உள்ளங்காலில் தட்டைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையுடன் இறங்கி, மூச்சை அடக்கி மூழ்கிப் பாசியெடுத்துத் திரும்புகிறார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் வகை பிரித்துக் கரையில் காயவைக்கும் பாசிகளிலிருந்துதான் அகார், ஆல்ஜினேட் என்ற கூழாக்கும் பொருட்கள் எடுக்கப்படுகின்றன. ஐஸ்கிரீம் முதல் ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் தட்டு வரை அவை போய்ச் சேருகின்றன. இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். பல்லுயிர்ப் பாதுகாப்பும் வறுமை ஒழிப்பும் ஒன்றுக்கொன்று துணையா, பகையா என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறவர்கள் இந்தப் பெண்கள்தான்.

எங்கள் மாவட்டம் வானம் பார்த்த பூமி. சொந்த நிலமும் படகும் இல்லாத ஒரு குடும்பத்துக்குப் பாசித்திட்டு எவ்வளவு பெரிய சொத்து என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் புலப்படுவதில்லை. பாசிக்கு விதை வாங்க வேண்டாம், உரம் போட வேண்டாம், பட்டா கேட்டு அலைய வேண்டாம். கடலின் அடித்தளம் உயிரோடு இருந்தால் போதும், பறித்த இடத்தில் அது மறுபடியும் தழைக்கும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பாறையைப் பற்றியிருக்கும் அடிப்பகுதியை விட்டுவிட்டு மேலே கையால் பறித்தால்தான் பாசி மறுபடி வளரும். இரும்புத் தகட்டால் பவளத்தோடு சேர்த்துச் சுரண்டி எடுத்தால் அந்த இடம் வெறும் கல்லாகிவிடும். அப்படி ஒரு திட்டு அழிந்தால் பாசி வாங்கும் வியாபாரி வேறு ஊருக்குப் போய்க்கொள்வார், ஆலை வேறு கடலிலிருந்து வாங்கிக்கொள்ளும். சின்னப்பாலத்துப் பெண்ணுக்குப் போக்கிடம் இல்லை. உயிர்வளம் குறையும்போது முதல் அடி ஏழையின் மேல் விழுவது இதனால்தான்.

மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக அமைந்த 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நூறுக்கும் மேற்பட்ட பவள இனங்கள், கடற்புல் வெளிகள், ஆமைகள், எங்கள் பக்கத்தில் ஆவுளியா என்று அழைக்கப்படும் கடற்பசு என்று இங்குள்ள செல்வத்துக்கு அந்தப் பாதுகாப்பு அவசியமாகவே இருந்தது. ஆனால் தாயும் பாட்டியும் பாசியெடுத்த அதே தீவோரங்களில் இறங்குவது, வரைபடத்தில் ஒரு கோடு விழுந்ததும், சட்டத்துக்குப் புறம்பான செயலாகிவிட்டது. அந்தக் கோட்டை வரைவதற்கு முன் இந்தப் பெண்களைக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கேட்காமல் கொண்டுவரப்படும் பாதுகாப்பு, பாதுகாவலர்களாக இருக்க வேண்டியவர்களையே திருட்டுத்தனமாகக் கடலில் இறங்கும் நிலைக்குத் தள்ளிவிடுகிறது. அச்சத்தோடு அவசரமாகப் பறிக்கும் கை, அடிப்பகுதியை விட்டுவைக்க நேரம் பார்ப்பதில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி. பாசியெடுக்கும் பெண்கள் சங்கமாகத் திரண்டார்கள்; தங்கள் உரிமைக்காகப் பேசினார்கள்; அதோடு, தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடும் விதித்துக்கொண்டார்கள். சுரண்டும் இரும்புக் கருவிகளைக் கைவிட்டார்கள். மாதம் முழுவதும் போவதை நிறுத்தி, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீர் நன்றாக வற்றும் நாட்களில் மட்டும், மாதத்துக்குப் 12 நாட்கள் என்று வைத்துக்கொண்டார்கள். மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டி 45 நாட்கள் பாசியெடுப்பதையே நிறுத்தி வைத்தார்கள். இந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்காக வழங்கப்படும் சீகாலஜி பரிசு 2015-ல் கிடைத்தது. அன்றாடம் கடலில் இறங்கினால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் உள்ளவர்கள் மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்களை விட்டுக்கொடுத்தார்கள் என்பதை நிதானமாக நினைத்துப் பார்க்க வேண்டும். வறுமையில் இருப்பவர்களுக்கு நாளையைப் பற்றிய கவலை இருக்காது என்று சொல்லுகிறவர்களுக்கு நான் இந்தக் கட்டுப்பாட்டைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

பாதுகாக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பவளப் பாறைகளை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்திய காலம் ஒன்று இந்தக் கரையில் இருந்தது. தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பின் எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவரை உற்றுப் பார்த்தால் பவளக்கல்லின் துளைகள் இன்றும் தெரியும். பல்லாண்டுகள் வண்டி வண்டியாக வெட்டியதன் விளைவாக, அலையைத் தடுத்து நின்ற அரண் இல்லாமல், பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 21 தீவுகள் என்று இன்றும் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம்; நீருக்கு மேலே இருப்பவை 19. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் தேய்ந்துகொண்டே வந்ததால், அதைச் சுற்றிக் கடலடியில் சிமெண்ட் காரையால் செய்த செயற்கைத் திட்டுகளை இறக்க வேண்டியதாயிற்று. பவளம் தானாக, கூலி கேட்காமல், பல நூற்றாண்டுகள் செய்துவந்த வேலையை இப்போது அரசு பணம் செலவழித்துச் செய்கிறது. வெட்டி விற்றவர்களுக்குக் கிடைத்த ஆதாயம் அன்றோடு முடிந்துவிட்டது; பாறை இடுக்குகளில் வளர்ந்த மீனையும் இறாலையும் இழந்த நாட்டுப்படகுக்காரர்களின் நட்டமோ பிள்ளைகள் காலம் வரை தொடர்கிறது.

கடற்புல்லின் கதையும் இதுதான். இறாலும் நண்டும் கணவாயும் குஞ்சாக இருக்கும்போது ஒதுங்கி வளரும் இடம் அது. விசைப்படகின் இழுவைமடி வலை கடலின் அடித்தளத்தை வாரிக்கொண்டு போகும்போது, அன்றைய பிடியோடு அடுத்த ஆண்டுப் பிடியும் சேர்ந்தே போகிறது. பாக் விரிகுடாவில் 2022-ல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. கடற்பசு கடற்புல்லை மேய்ந்து வாழும் விலங்கு என்பதால், அதைக் காப்பதற்காக விடப்படும் புல்வெளி சிறு மீனவரின் நண்டு வலைக்கும் நாற்றங்காலாக அமைகிறது.

வறுமையைப் போக்குகிறோம் என்று உயிர்ச்சூழலை மறந்து செய்த முயற்சியையும் இந்தக் கடல் கண்டிருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் கப்பாஃபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசியை மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் தொழில் மண்டபம் பகுதியில் பரவியது. மகளிர் குழுக்களுக்கு அதில் வருமானம் வந்தது என்பதை நான் மறுக்கவில்லை. கடலில் மூழ்கி மூச்சடக்கும் வேலையைவிட அது எளிதானதும்கூட. ஆனால் அந்தப் பாசி குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களின் மேல் போர்வையாகப் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 2008-ல் பதிவு செய்தார்கள். ஒளி கிடைக்காத பவளம் அடியிலேயே மடிகிறது. கையால் பிய்த்து அகற்றினாலும் எஞ்சிய துண்டுகளிலிருந்து அது மறுபடி முளைக்கிறது. மிதவைகளில் வளர்ந்த பயிரோ, கடல் வெப்பம் ஏறியபோது பெருமளவில் அழிந்து, கடன் வாங்கிப் போட்டவர்களைத் திணறவைத்தது. ஒரே இனத்தை நம்பும் பிழைப்பு ஒரே வெப்ப அலையில் முடங்கிவிடும். பல வகைப் பாசியும் பல வகை மீனும் உள்ள கடலில் ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று கைகொடுக்கும். ஏழைக் குடும்பத்துக்குப் பல்லுயிர் வளமே காப்பீடு என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான்.

உயிர்வளத்தைக் காக்கும் மக்களுக்கு அதன் பயன் கிடைக்கச் சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. 2002-ல் இயற்றப்பட்ட உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், உயிர்வளத்தை வணிகத்துக்குப் பயன்படுத்துகிறவர்கள் கிடைக்கும் பயனில் ஒரு பங்கை அதைக் காத்துவந்த மக்களுக்குத் தர வேண்டும் என்கிறது. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் உயிர்வள மேலாண்மைக் குழு அமைக்கவும் வழி செய்கிறது. ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் கடலைப் பற்றிய 14-ஆம் இலக்கு, சிறு மீனவர்களுக்குக் கடல்வளமும் சந்தையும் எட்ட வேண்டும் என்று தனியாகவே குறிப்பிடுகிறது. ஏட்டில் இருக்கும் இந்தப் பங்கு, காயவைத்த பாசியை மூட்டையாகக் கட்டி வியாபாரி சொல்லும் விலைக்குக் கொடுத்துவிட்டு வரும் பெண்ணின் கைக்கு வந்து சேர வேண்டும். வகை பிரித்துச் சுத்தம் செய்வதோடு நில்லாமல், முதல்கட்டப் பதப்படுத்தலையும் அவர்களே கூட்டாகச் செய்ய உதவினால், குறைவாகப் பறித்து நிறைவாக வாழ இயலும். மாதம் 12 நாட்கள் என்ற கட்டுப்பாடும் அப்போதுதான் தலைமுறை தாண்டி நிற்கும்.

2030-க்குள் உலகின் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாக்க வேண்டும் என்று 2022-ல் மாண்ட்ரியலில் நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆகவே கடலில் இன்னும் பல கோடுகள் வரையப்படும், வரையப்படவும் வேண்டும். எந்தத் திட்டில் எந்தப் பாசி எந்த மாதத்தில் தழைக்கும், எந்த இடத்தைச் சில காலம் தொடாமல் விட வேண்டும் என்பதெல்லாம் இந்தப் பெண்களுக்கு மனப்பாடம். அவர்களை அழைத்து உட்காரவைத்துக் கேட்டுவிட்டு வரையுங்கள் என்பதே அதிகாரிகளிடமும் ஆய்வாளர்களிடமும் நான் கேட்பது. அந்தக் கூட்டத்தை அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பக்கத்தில் வைத்துவிட வேண்டாம். அந்த நாட்களில் அவர்கள் கடலில் இருப்பார்கள்.