லத்தீனின் உடன்பிறந்த மொழிகள்

இத்தாலிக் மொழிக் குடும்பத்தை வரையும் பலர் லத்தீனை உச்சியில் வைத்து, மற்றதையெல்லாம் அதன் பிள்ளைகளாக்கி விடுகிறார்கள். பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துகீசியம், ருமேனியம் வரைக்கும் அது சரி. ஆனால் பழைய இத்தாலியில் பேசப்பட்ட ஒஸ்கனும் உம்பிரியனும் லத்தீனுக்கு உடன்பிறந்தவை. கி.மு. 91-இல் ரோமை எதிர்த்து எழுந்த இத்தாலிய இனங்கள் அடித்த நாணயங்கள் சிலவற்றில் நாட்டின் பெயர் ஒஸ்கனில் இருக்கிறது: 'விதெலியு'. உம்பிரியனுக்குப் பெரிய சான்று, இத்தாலியின் குப்பியோ ஊரில் 1444-இல் கிடைத்த ஏழு வெண்கலப் பலகைகள்.

கிளை பிரிப்பது ஒலிதான். லத்தீனில் 'யார்' என்பது 'குயிஸ்', ஒஸ்கனில் 'பிஸ்'. 'வா' என்பதன் வேர் லத்தீனில் 'வென்', மற்ற இரண்டிலும் 'பென்'. இந்த விதியைப் பிடித்துக்கொண்டால் லத்தீனுக்குள் வந்த இரவல் சொல்லும் தானே காட்டிக்கொடுத்துவிடும். மாட்டைக் குறிக்கும் 'போஸ்' லத்தீனின் சொந்தச் சொல்லாக இருந்திருந்தால் 'வ'-வில் தொடங்கியிருக்கும். எனக்கு மிகப் பிடித்த சான்று இதுதான்.

ரோமுக்கு வடக்கே பேசப்பட்ட பழைய எட்ரூஸ்கன் மொழியை இந்தக் குடும்பத்தில் சேர்ப்பது இன்னொரு தவறு. ஒஸ்கனும் உம்பிரியனும் எழுத்தை அதனிடமிருந்து வாங்கின, அவ்வளவுதான். அரபு எழுத்தான ஜாவியில் எழுதுவதால் மலாய் அரபு ஆகிவிடுமா?

நம் ஊர் பேச்சிலும் லத்தீனின் பேரப்பிள்ளைகள் உண்டு. மலாய் 'மேஜா', நம் 'மேசை' இரண்டும் போர்த்துகீசிய 'மேசா'விலிருந்து வந்தவை. அதற்கு மூலம் லத்தீன் 'மென்சா'. 'சாவி'க்கு மூலம் போர்த்துகீசிய 'ஷாவெ', அதற்கு முன் லத்தீன் 'கிளாவிஸ்'. சொல் முதலில் வரும் 'கிள' போர்த்துகீசியத்தில் 'ஷ' ஆவது வழக்கம்: 'கிளாமாரே' என்பதும் 'ஷமார்' ஆயிற்று. மலாய் 'செகோலா'வை ஆங்கிலம் என்று நினைத்துவிட வேண்டாம். கடைசி 'ஆ'வைப் பாருங்கள், அது போர்த்துகீசிய 'எஸ்கோலா'. பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பெயரிலும் 'கப்பித்தான்' போர்த்துகீசிய வழி வந்தது; வேர் 'தலை' என்னும் பொருளுள்ள லத்தீன் 'கபுட்'.

ஒரு சொல்லை மட்டும் வைத்து உறவு கட்டினால் வழுக்கிவிடும். மலாய் 'டுவா'வும் லத்தீன் 'துவோ'வும் இரண்டைத்தான் குறிக்கின்றன. அடுத்த எண்களையும் வைத்துப் பாருங்கள்: தீகா–த்ரேஸ், எம்பாட்–குவாத்துவோர், லீமா–குயின்குவே. எதுவும் ஒட்டவில்லை. 'டுவா'வின் உண்மையான உறவு மாவோரியில் 'ருவா', ஹவாயியில் 'லுவா'. அங்கே ஐந்தும் 'ரிமா', 'லிமா' என்று கூடவே பொருந்துகிறது.