தொப்பியும் பெல்ட்டும் இல்லாமல்

2018 ஆகஸ்டில் லீவு முடிந்து ஒன்பது நாள் கழித்துத்தான் என் ராணுவ யூனிட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். எங்கள் வீடு மூணாறு பக்கம், எஸ்டேட் லயத்தில். 15ஆம் தேதி கிளம்ப வேண்டியவன். மலை சரிந்து பாதை அடைந்துபோனது, பெரியவரைப் பாலமும் அந்த மழையில்தான் போனது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. முன்பெல்லாம் ஊரிலிருந்து தந்தி அடிப்பார்கள். அதையும் 2013லேயே நிறுத்தியாகிவிட்டது. வழி கொஞ்சம் திறந்ததும் வில்லேஜ் ஆபீசில் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு, பாதி நடந்தும் பாதி ஜீப்பிலுமாக போடிமெட்டு வழியே இறங்கினேன்.

போன அன்றே என்மேல் சார்ஜ், அதாவது குற்றச்சாட்டு: லீவுக்கு மேல் தங்கியது. ராணுவச் சட்டம் 1950, 39ஆம் பிரிவு. ராணுவ நீதிமன்றமான கோர்ட் மார்ஷல் வரை போனால் மூன்று ஆண்டு சிறைக்கு இடமுள்ள குற்றம். என்னைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் 80ஆம் பிரிவோடு முடிந்துவிடும்: கமாண்டிங் ஆபீசரே விசாரித்து 28 நாள் வரை காவலில் வைக்கலாம், 14 நாள் சம்பளம் வரை அபராதம் போடலாம். அடுத்த படி சம்மரி கோர்ட் மார்ஷல். அதிலும் நீதிபதி அவர் ஒருவர்தான். கூட இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், தீர்ப்பில் அவர்களுக்குப் பங்கில்லை.

"ஒத்துக்கோ தம்பி, சாப் விட்டுடுவார்" என்றார் ஒரு சுபேதார். சாப் என்றது கமாண்டிங் ஆபீசரை. நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் ஒத்துக்கொண்டால் என் நடத்தையைப் பதியும் ஷீட்டில் சிவப்பு மை விழலாம், அதாவது தண்டனை சிவப்பு மையில் பதிவாகலாம். அது நான்கு சேர்ந்தால் வீட்டுக்கு அனுப்ப நோட்டீஸ் வரும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து அனுப்பக் கூடாது, சேவை முழுவதையும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் அந்த முதல் மை எதற்கு? எங்கள் கிளார்க் அண்ணன்தான் பிரிவைத் தமிழில் படித்துக் காட்டினார். "போதிய காரணம் இல்லாமல்" லீவுக்கு மேல் தங்கினால்தான் குற்றம். என் வழக்கு முழுவதும் அந்த மூன்று சொல்லில்தான் இருந்தது.

மறுநாள் தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றச் சொன்னார்கள். "தேஸ் சல்... தம்!" வேகமாக நட, நில் என்று இந்தியில் கட்டளை. மேசைக்கு முன்னால் நின்றபோது இடுப்பில் எதுவோ குறைவதுபோல் இருந்தது, கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. சார்ஜைப் படித்தார்கள். சாட்சி சொன்ன ஹவில்தாரிடம் கேள்வி உண்டா என்று கேட்டார் சாப். உண்டு என்றேன். "என் போன் அந்த நாட்களில் கிடைத்ததா?" "இல்லை, நாங்களும் கூப்பிட்டுப் பார்த்தோம்." அந்தப் பதில் தாளில் ஏறியது. அப்புறம் சான்றிதழை நீட்டினேன். மழையில் நனைந்து சீல் ஊதாவாகப் பரவியிருந்தது, தேதி மட்டும் தெளிவாக இருந்தது. மலையாளத்தில் இருந்ததால் ஒரு கேரளக்காரரைக் கூப்பிட்டுப் படிக்க வைத்தார்கள். சாப் இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

சார்ஜ் தள்ளுபடி. ஒன்பது நாளையும் மிச்சமிருந்த வருட லீவில் கழித்தார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போக நாள் மிஞ்சவில்லை, அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஷீட்டு சுத்தமா இருக்கில்ல, அது போதும்" என்றார்.