பச்சை கிரீஸும் எதிர்மலையும்: அப்பாவின் ஐசோலெட்டைப் பிரித்த கதை

குன்னூரில் பெரிய மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். கூடலூர் பக்கம் ஆடியிலேயே கொட்டித் தீர்த்துவிடும், எங்களுக்கு வடகிழக்குப் பருவத்தில்தான் வரும். துணி காயாது, ஜாடியில் உப்பு கசியும், பீரோவில் வைத்த தோல் செருப்பு ஒரே வாரத்தில் பூஞ்சை பூத்துவிடும். அதே பீரோவின் மேல்தட்டில்தான் அப்பாவின் கேமரா முப்பது வருஷத்துக்கு மேல் தோல் உறைக்குள் கிடந்தது. போன மாதம் செருப்பைத் துடைக்கப் போனவள் கையில் அது அகப்பட்டது.

அக்ஃபா ஐசோலெட் 2. 1950களில் ஜெர்மனியின் மூனிக் நகரில் செய்த மடக்கு கேமரா. பட்டனை அமுக்கினால் முன்கதவு திறந்து, மடிப்பு மடிப்பான துருத்தியோடு லென்ஸ் வெளியே வந்து நிற்கும். 120 என்ற அகல ஃபிலிம் ரோல் போட்டால் 12 சதுரப் படங்கள். அப்பா எழுபதுகளில் இந்து நகர் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு யாரிடமோ பழையதாக வாங்கியது. இந்து நகர் என்றால் ஊட்டிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த மத்திய அரசு நிறுவனம். கறுப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், பிரிண்ட் போடும் பேப்பர் எல்லாம் இந்த மலையில் செய்து 'இந்து' என்ற பெயரில் நாடு முழுக்கப் போனது. இப்போது அது இயங்கவில்லை. அப்பா ஃபிலிமுக்கு ரசாயனம் பூசும் பிரிவில், அதாவது இருட்டில், வேலை பார்த்தவர்.

சரி, கேமராவுக்கு வருவோம். முதலில் பயமுறுத்திய விஷயம் கோளாறே இல்லை. மேலே உள்ள, படம் எடுக்கும் பட்டன் அமுங்கவில்லை, போச்சு என்று நினைத்தேன். இந்த மாடலில் ஒரு படத்தின் மேலேயே இன்னொரு படம் விழாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. ஒருமுறை அமுக்கினால், ஃபிலிம் சுற்றும் குமிழைத் திருப்பும் வரை பட்டன் அசையாது. ஷட்டரையும் (ஒளியை உள்ளே விட்டு மூடும் கதவு) லென்ஸ் மேல் இருக்கும் சின்ன லீவரால் தனியாக ஏற்ற வேண்டும். இது தெரியாமல் எத்தனை பேர் நல்ல கேமராவை நெம்பிக் கெடுத்திருப்பார்களோ. இன்னொன்று: இந்த வயது ஷட்டர்களில் செல்ஃப் டைமர் இருந்தால் அதைத் தொடாதீர்கள். பாதியில் நின்றால் ஷட்டரையே பிடித்துக்கொள்ளும்.

உண்மையான கோளாறுகள் வேறு. ஃபோகஸ் வளையம் கல் மாதிரி இறுகியிருந்தது. ஷட்டர் 100, 300இல், அதாவது செகண்டில் நூறில், முந்நூறில் ஒரு பங்கில் அடித்தது, ஆனால் ஒரு செகண்டில் வைத்தால் திறந்தபடியே நின்றது. லென்ஸுக்குள் சிலந்தி வலை போல பூஞ்சை. துருத்தியின் மடிப்பு முனைகளில் ஓட்டைகள்.

ஃபோகஸ் இறுகியதற்குக் காரணம் அக்ஃபா அந்தக் காலத்தில் போட்ட பச்சை கிரீஸ். வருஷம் போகப் போக அது பசையாக மாறி, பிறகு அரக்கு மாதிரி கெட்டியாகிவிடும்; ஐசோலெட் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். வளையத்தின் விளிம்பில் மூன்று குட்டி ஸ்க்ரூ இருக்கிறது, அவற்றைத் தளர்த்தினால் வளையம் கழன்று வரும், அப்புறம் முன் லென்ஸைத் திருகி எடுக்கலாம். ஆனால் திருகும்போது முன் லென்ஸ் தனியாக வராமல், அடுத்த லென்ஸின் பித்தளைக் கூட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டும் கிரீஸால் ஒன்றாகிவிட்டன. இங்கேதான் எனக்கு நான்கு நாள் ஆனது. முதலில் ஹேர் டிரையரால் சூடு காட்டினேன், அசையவில்லை. நன்றாக ஆறவிட்டு, மார்க்கெட்டில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் அண்ணனிடம் வாங்கிய, கிரீஸைக் கரைக்கும் வைட் பெட்ரோலை மரையின் இடுக்கில் ஊசியால் சொட்டு சொட்டாக விட்டு, ஒரு இரவு வைத்தேன். காலையில் மறுபடி விட்டேன். பெட்ரோல் இருக்கும் அறையில் ஹேர் டிரையரும் வேண்டாம், கணப்பும் வேண்டாம். எங்கள் வீடுகளில் குளிருக்குக் கரி போட்டு வைக்கும் பழக்கம் உண்டு என்பதால் அழுத்திச் சொல்கிறேன், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு உட்காருங்கள். நான்காம் நாள் ரப்பர் துணி சுற்றிப் பிடித்துத் திருப்பியபோது 'கிர்ர்' என்று ஒரு மயிரிழை நகர்ந்தது. அந்தச் சத்தத்தை நான் மறக்கமாட்டேன். மரை இடுக்கில் இருந்து வந்த கிரீஸ் பாசிப் பச்சையில், பல்குச்சியால் சுரண்டினால் மெழுகு போலச் சுருண்டு வந்தது.

பிரிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: முன் லென்ஸ் எந்த இடத்தில் மரையை விட்டு விலகுகிறதோ அங்கே ஊசியால் ஒரு கோடு போட்டு, மொபைலில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மரைக்கு ஒன்றுக்கு மேல் தொடக்கம் உண்டு, தப்பான இடத்தில் ஏற்றினால் ஃபோகஸ் எங்கேயோ போய் நிற்கும்.

பூஞ்சை எளிதாகப் போனது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அமோனியாவும் சம அளவு கலந்து பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடைத்தேன். நாள்பட்ட பூஞ்சை கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்திருக்கும், அது எதைப் போட்டாலும் போகாது. இதில் ஓரத்தில் மட்டும் ஒரு தழும்பு நின்றுவிட்டது.

ஷட்டரில் மெதுவான வேகங்களைப் பிடித்து வைப்பது ஒரு குட்டிப் பல்சக்கர வரிசை, கடிகாரத்துக்குள் இருப்பது போலவே. அதில் பழைய எண்ணெய் உறைந்திருந்தது. முன்தட்டைக் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷில் வைட் பெட்ரோல் தொட்டுச் சக்கரங்களில் மட்டும் வைத்து, ஷட்டரை அடித்துக்கொண்டே இருந்தேன். பெட்ரோல் ஆவியானதும் கரைந்த எண்ணெய் மறுபடி படியும், அதனால் மூன்று முறை செய்ய வேண்டியிருந்தது. ஷட்டரின் இதழ்களில் எண்ணெய் மட்டும் விடவே கூடாது, அவை வறண்டு இருக்க வேண்டியவை. பிறகு மொபைலில் செகண்டுக்கு 240 ஃபிரேம் ஓடும் ஸ்லோ மோஷனில் எடுத்து, ஷட்டர் திறந்திருந்த ஃபிரேம்களை எண்ணினேன். ஒரு செகண்டுக்கு 240 வர வேண்டும், எனக்கு 262 வந்தது. பத்தில் ஒரு பங்குக்கு 24க்குப் பதில் 26. இது போதும்.

துருத்திதான் அப்பாவை எழுந்து வரவைத்தது. ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, உள்ளே மொபைல் டார்ச்சை வைத்து நான் நான்கு ஓட்டைகளைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அப்பா கதவோரம் நின்று பார்த்தவர், "டார்ச்ச அணை கண்ணு. பத்து நிமிஷம் சும்மா உக்காரு" என்றார்.

"எதுக்குப்பா?"

"கண்ணு இருட்டுக்குப் பழகணும். அவசரப்பட்டா பெரிய ஓட்டைதான் தெரியும்."

உட்கார்ந்தோம். வெளியே தகரத்தில் மழை. அவர் ஃபேக்டரியில் முதல் வாரம் சுவரைத் தடவித் தடவி நடந்ததையும், பிறகு ஆள் நடக்கும் சத்தத்தை வைத்தே இன்னார் என்று சொல்லப் பழகியதையும் அந்த இருட்டில் சொன்னார். நான் இதையெல்லாம் இதற்கு முன் கேட்டதில்லை. பிறகு டார்ச்சைப் போட்டால், நான் சுத்தமாக இருக்கிறது என்று விட்டுவிட்ட மடிப்புகளில் ஊசிமுனை அளவில் புள்ளிகள். அவர் விரல் வைத்துக் காட்டக் காட்ட நான் சாக்பீஸால் குறித்தேன். மொத்தம் பதினொன்று. ஃபெவிகாலில் கறுப்பு ஃபேப்ரிக் பெயின்ட் கலந்து, மெல்லியதாக இரண்டு பூச்சு. தடிமனாகப் பூசினால் மடங்கும்போது பிடிக்கும். அந்த ஈரத்தில் காய இரண்டு நாள் ஆனது. காய்ந்ததும் கொஞ்சம் டால்கம் பவுடர் தடவினால் மடிப்புகள் ஒட்டாது.

கடைசி வேலை, இன்ஃபினிட்டி வைப்பது. முன் லென்ஸை எவ்வளவு திருகினால் தூரத்துப் பொருள் துல்லியமாகத் தெரிகிறதோ, அந்த இடத்தில்தான் வளையத்தின் முடிவிலிக் குறியைப் பூட்ட வேண்டும். ஃபிலிம் இருக்கும் இடத்தில், ஒருபக்கம் மங்கலான செலோடேப் ஒட்டிய கண்ணாடித் துண்டு, டேப் லென்ஸைப் பார்த்தபடி. ஷட்டர் 'பி'யில் (அமுக்கியிருக்கும் வரை திறந்தே இருக்கும்) திறந்து, லென்ஸின் துளை 4.5இல், அதாவது முழுதாகத் திறந்து. எதிரே தூரமாக ஏதாவது வேண்டும், அது எங்கள் வராந்தாவில் தாராளமாக இருக்கிறது: பள்ளத்தைத் தாண்டி டீ எஸ்டேட், அதற்கு மேல் மலைமுகட்டில் வரிசையாக சில்வர் ஓக். ஆனால் மூன்று நாள் மிஸ்ட். பத்தடி தள்ளி இருக்கும் கொய்யா மரமே தெரியவில்லை.

நான்காம் நாள் காலை ஆறரைக்கு அப்பா எழுப்பினார். "மலை தெரியுது, வா."

கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பார்த்தேன். செலோடேப்பில் மலை தலைகீழாகத் தொங்கியது, சில்வர் ஓக் மரங்கள் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டு. உருப்பெருக்கியை வைத்து, லென்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். பச்சைக் கறையாக இருந்தது மரமாகி, மரம் தண்டும் கிளையுமாகப் பிரிந்து, ஒரு இடத்தில் கிளைகளுக்கு நடுவே இருந்த வானம்கூடத் தெரிந்தது. அதற்கு மேல் திருப்பினால் மறுபடி கலங்கியது. பின்வாங்கி, அதே இடத்தில் வளையத்தைப் போட்டு மூன்று ஸ்க்ரூவையும் இறுக்கி நிமிர்வதற்குள் பள்ளத்திலிருந்து மிஸ்ட் ஏறி மலையை மூடிவிட்டது.

400 வேக ஃபிலிம் ஒரு ரோல் வாங்கிப் போட்டேன். முதுகில் எண் பார்க்கும் சிவப்பு ஜன்னலுக்குக் கறுப்பு டேப். இன்றைய ஃபிலிம் சிவப்பு ஒளியையும் பதிவு செய்யும், சுற்றும்போது மட்டும் திறந்தால் போதும். டெவலப்பும் வீட்டில்தான், டி-76 என்ற டெவலப்பரில் 20 டிகிரியில் ஏழரை நிமிஷம். சமவெளியில் இதற்கு ஐஸ் தேட வேண்டும், எங்கள் குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் வெந்நீர் கலந்தால் சரியாகிவிடும்.

பன்னிரண்டும் விழுந்திருக்கின்றன. மூன்றாவதில் அப்பா, வராந்தாவில், கம்பளி போர்த்தி; காது மடலில் இருக்கும் முடிகூடத் தெரிகிறது. ஏழாவதில் வலது மேல்மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி. நெகட்டிவை ஜன்னலில் பிடித்துப் பார்த்த அப்பா, "பன்னெண்டாவது ஓட்டை" என்றார். இன்று ராத்திரி மறுபடி லைட்டை அணைத்துவிட்டு உட்காரப் போகிறோம்.