டிஸ்க் போட்டால் போதும் என்றார்கள்

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், பூப்பாறையில் மூன்று சாக்கு ஏலக்காயை டிக்கியில் ஏற்றிக்கொண்டு போடிக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பெரியப்பா. வண்டியும் அவருடையதுதான், 1978 மாடல் மார்க் 3 அம்பாசடர், ஸ்டியரிங்கிலேயே கியர். போடிமெட்டு தாண்டி 17 கொண்டை ஊசி வளைவில் பாதிக்கு மேல் கடந்திருப்போம், முன்னால் தோட்ட வேலை முடித்த ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் போய்க்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன், மிதி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே போன மாதிரி இருந்தது. அடுத்த வளைவில் இன்னும் கீழே. அதற்கடுத்த வளைவில் பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி தரை வரைக்கும் போய்விட்டது.

"ரெண்டாவது போடுறா. ஹேண்ட்பிரேக்க இழு, வெடுக்குன்னு இழுக்காத" என்றார் பெரியப்பா, ஏதோ தண்ணீர் கேட்கிற குரலில். வண்டி உறுமிக்கொண்டே வேகம் குறைந்தது, மலைப்பக்க ஓடையில் ஒரு சக்கரத்தை இறக்கி ஒருவழியாக நிறுத்தினேன். முன்சக்கரம் இரண்டிலும் புகை, கருகல் நாற்றம். பின்னால் வந்த இன்னொரு ஜீப்காரர் நிறுத்தி, நான் தண்ணீர்க் கேனை எடுப்பதைப் பார்த்துவிட்டு, "ஊத்திராதீங்கண்ணே, டிரம் விரிசல் விட்டுரும்" என்று கத்தினார். அரை மணி நேரம் சும்மா நின்றோம். அப்புறம் மிதித்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கல்லாகப் பிடிக்கிறது பிரேக்! அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

நடந்தது இதுதான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற தரத்துப் புது ஆயில் 205 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும், ஈரம் ஏறியது 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி, ஆவி அமுங்கும், மிதி கீழே போகும், ஆறினால் பழையபடி ஆயில். நான் கடைசியாக எப்போது ஆயில் மாற்றினேன் என்று கேட்காதீர்கள்.

இந்த வண்டியில் இருந்தது டிரம் பிரேக்: சக்கரத்தோடு சுற்றும் இரும்பு டிரம்முக்குள் ஷூ விரிந்து அழுத்தும். டிஸ்க் என்றால் வெளியே சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் பேடு கவ்விப் பிடிக்கும். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுதான்: டிஸ்க் போடு, டிஸ்க் போடு. எங்கள் மெக்கானிக் அண்ணன் மட்டும் "மொதல்ல இருக்கிறத கழட்டிப் பாப்போம் தம்பி" என்றார். டிரம்மைக் கழற்றினால், ஷூ மேல் உரசுவதற்காக ஒட்டியிருக்கும் லைனிங் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. உள்ளே இருந்த தூசியை ஏர் அடித்து ஊதப் போன பையனைத் தடுத்து, ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும், நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து எடுத்த ஆயில் காப்பி டிகாஷன் நிறம். இடது முன்சக்கரத்தில் கீழ் வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது.

இந்த வண்டியின் முன்சக்கரத்தில் தலா இரண்டு வீல் சிலிண்டர், ஒவ்வொன்றும் ஒரு ஷூவைத் தள்ளும். சக்கரம் முன்னோக்கிச் சுற்றும்போது இரண்டு ஷூவுமே டிரம்மோடு இழுபட்டு தானாக இன்னும் இறுகும், அதனால்தான் மிதிக்குக் கூடுதல் பலம் தரும் பூஸ்டர் இல்லாமலே ஒரு டன்னுக்கு மேல் இருக்கிற வண்டி நிற்கிறது. பின்னோக்கி உருண்டால் அந்தப் பிடி கிடையாது. ஏற்றத்தில் நின்ற வண்டி பின்னால் நழுவும்போது எவ்வளவு மிதித்தாலும் பத்தவில்லையே என்று வருஷக்கணக்கில் என் காலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிரம்மை லேத்தில் கடைந்து, சிலிண்டர்கள், ஹோஸ், லைனிங் எல்லாம் புதுசு போட்டு, அதிகச் சூடு தாங்கும் டாட் 4 ஆயில் ஊற்றி, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றிய பிறகு வண்டி நன்றாகவே நின்றது. போடி, தேனி என்று சமவெளியில் மட்டும் ஓட்டுகிறவனாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன், யாரையும் அப்படியே விடச் சொல்லுவேன். ஆனால் நான் வாரம் இரண்டு தடவை மெட்டு ஏறி இறங்குகிறவன். டிரம்முக்குள் அடைபட்ட சூடு சீக்கிரம் வெளியேறாது, மழையில் உள்ளே தண்ணீர் போனால் முதல் இரண்டு மிதிக்கு வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். சரி, டிஸ்க்தான் என்று முடிவு செய்தோம்.

பின்னாளில் முன்னால் டிஸ்க்கோடேயே வந்த அம்பாசடர் ஒன்றின் ஹப், டிஸ்க், பேடை அழுத்தும் காலிப்பர் எல்லாம் மதுரையில் ஒரு காயலான் கடையில் முழு செட்டாகக் கிடைத்தது. என்ன விலை என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அங்கே ஒரு கஞ்சத்தனம் செய்தேன்: பழைய மாஸ்டர் சிலிண்டர் நன்றாகத்தானே இருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோம் என்றேன். அண்ணன் முனகினார், நான் கேட்கவில்லை. முந்தல் வரை ஓட்டிப் பார்த்துத் திரும்புவதற்குள் முன்சக்கரம் இரண்டும் அனல்.

டிரம்முக்கென்று செய்த மாஸ்டர் சிலிண்டர், காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும், வீல் சிலிண்டர் வாஷர் வழியாகக் காற்று புகாமல் இருக்க. ஷூவுக்குத் திருப்பி இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது. டிஸ்க் பேடுக்கு ஏது? அது உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. அது போக, டிஸ்க்குக்குத் தானாக இறுகும் குணம் கிடையாது, முழுப் பலமும் காலிலிருந்துதான் வர வேண்டும். மிதித்து மிதித்துத் தொடை வலித்ததுதான் மிச்சம்.

மறுபடி மதுரை. இந்தத் தடவை பூஸ்டரும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரும். முன்னுக்கு ஒரு வழி, பின்னுக்கு ஒரு வழி, ஒன்று ஒழுகினாலும் இன்னொன்று கொஞ்சமாவது நிறுத்தும். ஆனால் பூஸ்டர் பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தையும் சேர்த்தே கூட்டும். தூறலில் ஒரு காலி மைதானத்தில் வேகமாகப் போய் மிதித்தேன், பின்சக்கரம் முதலில் பூட்டி வண்டி அரைவட்டம் போட்டு நின்றது. பின் லைனில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று போட்டு, திருகித் திருகி, முன்சக்கரம் முதலில் பூட்டும் வரை சரிசெய்ய ஒரு ஞாயிறு முழுக்கப் போனது.

இன்னொன்று: பூஸ்டர் வேலை செய்வது என்ஜின் உறிஞ்சலில். பெட்ரோல் மிச்சம் என்று சாவியை அணைத்து நியூட்ரலில் மலை இறக்குகிற ஆட்கள் இன்னும் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். இரண்டு மூன்று மிதியில் பூஸ்டர் காலியாகிவிடும், அப்புறம் மிதி கட்டைதான்.

போன வாரம் அதே மூன்று சாக்கோடு அதே இறக்கம். புலியூத்து பக்கம் ஓரங்கட்டினேன். பெரியப்பா இறங்கி, முன்சக்கரம் இரண்டின் பக்கத்திலும் கையை நீட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் போனார். வலது பின்சக்கரத்தில் கையை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"அன்னைக்கு இழுத்தியே, அந்த ஹேண்ட்பிரேக் கேபிள். இன்னும் முழுசா விடல போல."

ஞாயிற்றுக்கிழமை கழற்ற வேண்டும்.