பிடிக்கும் கை, விடும் கை

என் வீடு சுங்கை சிப்புட்டில், வேலை ஈப்போவில். தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதி. மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்டு வருபவர்களில் எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. கட்டிலருகே நிற்கும் தாய் சில நேரம் கோயிலில் பார்த்துப் பழகிய அக்காவாகவே இருப்பார்.

"மிஸி, என் கையை இறுக்கிப் பிடித்தான். விழித்துவிடுவான்தானே?"

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வருவதில்லை. மூளையில் பலத்த காயம் பட்டவரின் உள்ளங்கையைத் தொட்டால் விரல்கள் தாமாகவே மூடிக்கொள்வதுண்டு. அதனால் பிடிக்கச் சொல்வதோடு நாங்கள் நிறுத்துவதில்லை. விடச் சொல்கிறோம், இரண்டு விரலைக் காட்டச் சொல்கிறோம். "வாங்க அக்கா, சேர்ந்து பார்ப்போம்" என்று தாயையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்வேன். பார்த்ததை மறைக்காமல் சொல்வேன். தமிழே பழகிய பாட்டியிடம் மலாயில் மட்டும் கேட்டுவிட்டு, 'சொன்னதைச் செய்யவில்லை' என்று தாளில் எழுதுவதை நான் ஏற்பதில்லை.

நோயாளியின் நினைவு நிலையை அளக்க 1974-இல் டீஸ்டேல், ஜென்னட் என்ற மருத்துவர்கள் வகுத்த கிளாஸ்கோ அளவுகோல் கண், பேச்சு, அசைவு மூன்றுக்கும் சேர்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் தருகிறது. 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் கடுமையான காயம். தொண்டையில் குழாய் இருப்பவரிடம் பேச்சைச் சோதிக்க வழியில்லை. ஆகவே மொத்தத்தைவிட அசைவின் மதிப்பெண்ணையே நான் நம்புகிறேன்.

மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. உள்ளே வீங்கினால் அழுத்தம் ஏறும், மூளைக்குப் போகும் இரத்தம் குறையும். மண்டைக்குள் அழுத்தமானி பொருத்தியவருக்கு அந்த அழுத்தம் 22 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டி நின்றால் சிகிச்சை தேவை. சளியை உறிஞ்சும்போதுகூட அது எகிறும். கழுத்து ஒரு பக்கம் திரும்பினாலும் ஏறும். தலைமாட்டை 30 பாகை உயர்த்தி, கழுத்தை நேராக வைப்பது சின்ன வேலைபோலத் தெரியும், ஆனால் அன்றைய பணியில் பெரும்பங்கு அதுதான். ஒரு கண்மணி மட்டும் விரிந்தால் உடனே மருத்துவரை அழைக்கிறோம். இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே நாடி மெதுவானால், 'அமைதியாகிவிட்டார்' என்று புதிய தாதிகள் நினைத்துவிடக்கூடும். அது மிகவும் பிந்தி வரும் ஆபத்தான அறிகுறி என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கிறேன்.

பணி மாறும்போது தாளை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் போவதும் எனக்குப் பிடிக்காது. வருபவரும் போகிறவரும் கட்டிலருகே நின்று, ஒரே டார்ச்சில் கண்மணியைப் பார்த்து, ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். அப்போதுதான் அடுத்த மணி நேரத்தில் மதிப்பெண் ஒன்று குறைந்தால், குறைந்தது நோயாளியிடமா, பார்ப்பவரிடமா என்ற சந்தேகம் வராது.